பெயர் ஒன்று, பெரியோர் பலர்
(சம்பந்தர் என்னும் பெயர் பற்றிய ஓர் ஆய்வு)

தோற்றுவாய்

தமிழிலக்கிய வரலாறு கற்பார்க்குத் தொடக்கத்திலேயே எதிர்ப்படும் இடர்ப்பாடுகளுள் ஒன்று, ஒரு பெயரே பலர்க்கு வழங்குதல் ஆகும். சங்கத் தொகை நூல்களிற் பாடிய நக்கீரர் ஒருவர். பதினொராந் திருமுறையில் இடம்பெற்ற நக்கீரதேவ நாயனார் மற்றொருவர். கபிலர்க்கும் கபிலதேவ நாயனார்க்கும், பரணர்க்கும் பரணதேவ நாயனார்க்கும், கல்லாடர்க்கும் கல்லாடதேவ நாயனார்க்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்தன. ஔவையார் என்னும் பெயரோ, அதியமான் அவைக்களத்தை அணிசெய்த புலவர் முதலாக, சிறுவர்க்கு அறம் உரைத்த மூதாட்டி ஈறாகப் பலரைக் குறித்து நிற்கின்றது.

இவற்றுட் பல முன்னரே விரிவாக ஆராயப்பட்டன. அத்துணை விரிவாகப் பேசப்படாததும், தில்லையைச் சூழ்ந்த நிலப்பகுதியோடு நெருங்கிய தொடர்புடையதும் ஆகிய பெயர் ஒன்று உண்டு. அது சம்பந்தர் என்பது. சீகாழியில் தோன்றிய திருஞானசம்பந்தர், கடந்தையில் தோன்றிய மறைஞான சம்பந்தர், சிதம்பரத்தில் வாழ்ந்த மற்றொரு மறைஞான சம்பந்தர், தருமபுர ஆதீனத்தை நிறுவிய குருஞான சம்பந்தர் என நால்வர் இப் பெயரால் விளங்குகின்றனர். நால்வரும் சைவர், நால்வரும் சோழநாட்டையும் நடுநாட்டையும் தம் வாழ்வால் அணிசெய்தவர், மூவர் நூலாசிரியர். ஆதலின் ஒருவர் நூலை மற்றொருவர்மேல் ஏற்றுதற்கு இடம் மிகுதியாக உளது. இந் நால்வரையும் வேறுபடுத்திக் காண்டலும், அவ் வேறுபாட்டிற்குரிய சான்றுகள் யாவை எனத் துணிதலும், மயங்கக் கொள்ளின் வரலாற்றிற்கு நேரும் இழப்பு யாது என உணர்த்தலும் இக் கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பெயர் பலர்க்கு வழங்குதற்குக் காரணம்

தமிழ்நாட்டிற் பெயர் மீள வழங்குதற்குக் காரணங்கள் பல. முதலாவது குடிவழக்கு. பாட்டன் பெயரை அவன் மகனுடைய மகனுக்கு இடுதல் நம் நாட்டுத் தொன்மரபு. பெயரன் என்னும் சொல்லே இம் மரபை உணர்த்தும். அச் சொல்லே பேரன் என மருவி நிற்கின்றது. கடலூர்க்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடைப்பட்ட செம்மங்குப்பம் போன்ற சிற்றூர்களில் ஒரு தெருவிலேயே ஒரு பெயருடையார் மூவர் நால்வர் இருத்தல் வியப்பன்று. ஊரார் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றும், மேலைத் தெருவார், கீழைத் தெருவார் என்றும், செய்யும் தொழிலால் இன்னார் என்றும் பிரித்துரைப்பர். சங்கப் புலவர் பெயர்களின் முன்னே ஊரும் தொழிலும் தந்தை பெயரும் அடையாக நிற்றல் இதனோடு ஒத்த நெறியே. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் ஊரும் தந்தையும் மகனும் ஒருங்கே நிற்கக் காண்கின்றோம்.

இரண்டாவது பத்தி வழக்கு. நாயன்மார் பெயரையும் ஆழ்வார் பெயரையும் மக்கட்கு இடுதல் இடைக்காலத்தே பெருகியது. மூன்றாவது தீக்கை வழக்கு. துறவு மேற்கொள்வார் இயற்பெயர் நீங்கி, ஆசிரியர் அருளிய பெயரைப் பூணுவர். அப் பெயர் பெரும்பாலும் அம் மரபின் முன்னோர் ஒருவர் பெயராகவே இருக்கும். நான்காவது பட்ட வழக்கு. ஒரு பீடத்தில் அமர்வார் அனைவரும் ஒரு பொதுப் பெயரை ஏற்பர்; அங்கே பெயர் தனியொருவரைச் சுட்டுதல் நீங்கிப் பதவியைச் சுட்டும்.

இந் நான்கனுள் எவ் வழக்கால் ஒருவர்க்குப் பெயர் வந்தது என அறிதல் ஆராய்ச்சியாளர்க்கு முதற்கடன். குடிவழக்காயின் அவர்தம் குலமுறையைத் தேடல் வேண்டும். தீக்கை வழக்காயின் ஆசிரியர் மாணாக்கர் மரபைத் தேடல் வேண்டும். பட்ட வழக்காயின் அப் பெயர்கொண்டு மட்டும் ஒருவரையும் துணிதல் இயலாது.

காழிச் சம்பந்தர்

நால்வருள் முதல்வர் சீகாழியில் சிவபாத இருதயர்க்கும் பகவதியார்க்கும் மகனாராகத் தோன்றியவர். அவர் காலம் கி. பி. ஏழாம் நூற்றாண்டு. வாதாபிப் போரில் ஈடுபட்டவர் எனச் சேக்கிழார் கூறும் சிறுத்தொண்டரை அவர் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்திற் பெயர் சுட்டிப் பாடியுள்ளார். முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றியது கி. பி. 642ஐ ஒட்டியது ஆதலின், இக் காலம் ஐயமின்றித் துணியப்படுகின்றது. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரையும் அமைச்சர் குலச்சிறையாரையும் பாடிய பதிகம் இதற்குத் துணை நிற்கும்.

இவர் அடிச்சுவடு படிந்த நிலத்தை நோக்குவோம். கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூர், ஆலப்பாக்கத்தை அடுத்த திருச்சோபுரம், பெண்ணாகடத்துத் தூங்கானைமாடம், முத்துச் சிவிகை பெற்ற நெல்வாயில் அரத்துறை, விருத்தாசலமாகிய முதுகுன்றம், தில்லை, தில்லையை அடுத்த கழிப்பாலை, நெல்வாயில், வேட்களம் ஆகிய யாவும் அவர் பாடல் பெற்ற இடங்கள். தில்லையை வழிபட்ட நாளில் அவர் வேட்களத்தே தங்கியிருந்தார் எனப் பெரியபுராணம் கூறும். 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இன்று அவ் வேட்களத்தைச் சூழ்ந்தே அமைந்துள்ளது. இவ்வாறு ஒரு நிலப்பகுதி முழுவதும் ஒருவர் நினைவால் நிறைந்திருக்குமாயின், அங்கே பின்னர்த் தோன்றியோர் அப் பெயரை விரும்பி ஏற்றல் இயல்பேயாகும்.

காழிச் சம்பந்தர் நூல்களைப் பொறுத்தவரை ஐயத்திற்கு இடமில்லை. தம் பதிகங்களின் இறுதியில் நிற்கும் திருக்கடைக்காப்பில் அவர் தம் பெயரையும் தம் ஊரையும் ஒருங்கே பொறித்துச் செல்கின்றார். ஊர்ப் பெயர் காழி எனவும் புகலி எனவும் சண்பை எனவும் பன்னிரு வகையால் வரினும், ஊர் ஒன்றே. திருவிடைவாய்க் கோயிற் கல்வெட்டிலிருந்து ஒரு பதிகம் பிற்காலத்தே கிடைத்தபொழுது, அதனை அவர் வாக்கெனக் கொள்ளுதற்கு அதன் கடைக்காப்பில் நின்ற பெயரும் ஊரும் பெருந்துணை புரிந்தன. ஆசிரியர் தாமே இடும் முத்திரை எத்துணை வலிமையுடையது என்பதற்கு இஃதொன்றே சாலும்.

பிற்காலத்தார் அவரைச் சுட்டும் முறையும் நோக்கற்பாலது. தில்லைக்குத் தென்மேற்கே அமைந்த திருநாரையூரிற் பிறந்து, திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி, அவர்மேல் ஆறு நூல்கள் பாடினார். அவை ஆளுடைய பிள்ளையார் திருவந்தாதி முதலாகப் பெயர் பெறும். சோழர் கல்வெட்டுகளும் அவரை ஆளுடைய பிள்ளையார் என்றே வழங்கும். ஆளுடைய அரசு, ஆளுடைய நம்பி என்பன ஏனை இருவர்க்குரியன. பெயரால் மயக்கம் வாராமற் காக்கும் தனிச்சுட்டு ஒன்று சோழர் காலத்திலேயே அமைந்திருந்தது என்பது இதனால் விளங்கும்.

கடந்தை மறைஞான சம்பந்தர்

இரண்டாமவர் சைவ சித்தாந்தச் சந்தான குரவர் நால்வருள் மூன்றாமவர். மெய்கண்டார், அருணந்தி சிவாசாரியார், மறைஞான சம்பந்தர், உமாபதி சிவாசாரியார் என்பது அம் மரபு. இம் மரபின் நிலவியல் வியப்பளிப்பது. மெய்கண்டார் தோன்றியது பெண்ணாகடம், வாழ்ந்தது திருவெண்ணெய்நல்லூர். அருணந்தியார் ஊர் பண்ணுருட்டிக்கு அணித்தாகிய திருத்துறையூர். உமாபதியார் மடம் தில்லையை ஒட்டிய கொற்றவன்குடி. மறைஞான சம்பந்தர் மீண்டும் பெண்ணாகடமாகிய கடந்தையைச் சேர்ந்தவர். பெண்ணை ஆற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந் நிலமே சித்தாந்த சாத்திரத்தின் விளைநிலம் எனல் மிகையாகாது.

மறைஞான சம்பந்தர் காலத்தை அவர் மாணாக்கர் காலங்கொண்டே துணிகின்றோம். உமாபதியார் தம் சங்கற்ப நிராகரணத்திற் சக ஆண்டு 1235ஐக் குறிக்கின்றார். அது கி. பி. 1313 ஆகும். எனவே ஆசிரியர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதனை அடுத்தும் வாழ்ந்தவராதல் வேண்டும். காழிச் சம்பந்தர்க்கும் இவர்க்கும் இடையே அறுநூறு ஆண்டுகட்கு மேற்பட்ட இடைவெளி உண்டு.

இவர்தம் அடையாளங்களை நமக்கு விட்டுச் சென்றவரும் உமாபதியாரே. சிவப்பிரகாசத்துக் குருவணக்கப் பகுதியில் அவர் தம் ஆசிரியரைச் சாமவேதத்தர், பராசர முனிவர் மரபினர், மருதைக்குத் தலைவர், கடந்தையைச் சார்ந்தவர் என நான்கு வகையாற் சுட்டுகின்றார். வேதம், கோத்திரம், ஊர் இரண்டு என நான்கு அடையாளங்கள் ஒரு செய்யுளில் நிற்றல் தற்செயலன்று. அக் காலத்தே ஞானசம்பந்தர் என்ற அளவில் எவரும் காழிப் பிள்ளையாரையே நினைப்பர். அந் நினைவைத் தடுத்துத் தம் ஆசிரியரை வேறாக நிறுத்த வேண்டிய தேவை மாணாக்கர்க்கு இருந்தது.

மற்றொரு நுட்பமும் ஈண்டுக் கருதத்தக்கது. வினாவெண்பாவில் உமாபதியார் ஆசிரியரை விளிக்குங்கால் மறைஞான என்னும் முன்மொழியை விடுத்துச் சம்பந்தன் என்றே விளிக்கக் காண்கின்றோம். வெண்பாவின் தளைக்கு நீண்ட பெயர் எளிதில் அடங்காது. முன்மொழி நீங்கிய அவ்விடத்து மருதம் என்னும் ஊர்ப் பெயரே ஆளைக் காட்டிக் கொடுக்கின்றது. செய்யுளிற் பெயர் குறுகுதல், பெயர் மயக்கத்துக்குப் பெருங்காரணம் என்பதை ஏடு ஆராய்வார் மறத்தலாகாது.

இனி, இவர் நூல் யாது? இவர் நூலொன்றும் இயற்றவில்லை என்பதே மரபு. சதமணிக் கோவை என்னும் நூலை இவர்க்கு உரியதாகக் கூறுவாரும் உளர். ஆயினும் சித்தாந்த சாத்திரம் பதினான்கனுள் இவர் நூல் ஒன்றும் இடம்பெறவில்லை. இவர்க்கு முன்னிருந்த இருவர் நூல்களும் அத் தொகுதியில் உள. பின்வந்த உமாபதியார் நூல்கள் எட்டு உள. நடுநின்ற இவர் மட்டும் நூலின்றி நிற்கின்றார்.

இந் நிலையை ஒரு குறையாகக் கருதிப் பிறர் நூல்களால் நிரப்ப முயல்வது பொருந்தாது. பகலில் தீவட்டி பிடிக்கச் சிவிகையேறிச் சென்ற உமாபதியாரை நோக்கி, இவர் ஒரு சொல்லால் இடித்துரைத்தார் என்றும், அது கேட்டு அவர் சிவிகையினின்று இறங்கிப் பின்தொடர்ந்தார் என்றும் மரபு கூறும். நெசவாளர் பாவுக்கு வார்த்த கஞ்சியை ஆசிரியர் பருக, அவர் கைவழி ஒழுகியதை மாணாக்கர் ஏந்திப் பருகினார் என்றும் அது கூறும். இக் கதைகளின் உண்மை எதுவாயினும், இவற்றின் கருத்து ஒன்றே. இவ்வாசிரியர் ஓலையில் எழுதாது, மாணாக்கர் உள்ளத்தில் எழுதினார் என்பதே அது. நூலின்மை இவர் வரலாற்றின் ஒரு கூறு. அதனை அழித்தல் இவரையே அழித்தலாகும்.

சிதம்பரம் மறைஞான சம்பந்தர்

மூன்றாமவரால் நேரும் மயக்கமே பெரிது. இவர் பெயரும் மறைஞான சம்பந்தர். இவர் வாழ்ந்ததும் சிதம்பரம். இவர் கூறுவதும் சித்தாந்தம். ஆயின் இவர் காலம் கி. பி. பதினாறாம் நூற்றாண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தமையின் கண்கட்டி மறைஞான சம்பந்தர் என வழங்கப்பட்டார் என்பர்.

இவர் நூல்கள் பல. திருவாரூர்ப் பெருமை கூறும் கமலாலயச் சிறப்பு, திருவண்ணாமலைக்குரிய அருணகிரிப் புராணம் ஆகியன தலபுராணங்கள். பதிபசுபாசப் பனுவல், பரமோபதேசம் ஆகியன சித்தாந்தம் பற்றியன. சிவதருமோத்தரம் வடமொழி நூலொன்றன் தமிழாக்கம். சைவ சமய நெறி குறள்வெண்பாவால் ஆயது. ஆசாரியர் இலக்கணம், மாணாக்கர் இலக்கணம், பொது இலக்கணம் என முப்பகுதியாக நடப்பது. இதற்கு யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் உரை வகுத்தமையால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந் நூல் பெரிதும் பரவிற்று. இவர் மாணாக்கர் மறைஞான தேசிகர். சிவஞான சித்தியார்க்கு உரை கண்ட அறுவருள் இவரும் ஒருவர். சிவதருமோத்தரத்துக்கும் உரை செய்தார்.

இருவரையும் ஒருவராகக் கொள்ளின் விளைவது யாது? சைவ சமய நெறியை எடுத்துக்கொள்வோம். ஆசிரியன் தகுதி, மாணாக்கன் தகுதி, அன்றாட ஒழுக்கம், வழிபாட்டு விதி ஆகியவற்றை முறைப்படுத்திக் கூறும் நூல் இது. இதனைக் கடந்தையார் மேல் ஏற்றின், இவ் விதிகள் உமாபதியார்க்கு முன்னரே தமிழில் நூல்வடிவம் பெற்றன எனக் கூற நேரும். அப்பொழுது திருவருட்பயனும் சிவப்பிரகாசமும் இவ் விதிநூலின் வழித்தோன்றியன என்னும் தலைகீழ் வரலாறு பிறக்கும். உண்மையோ வேறு. பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் மெய்ப்பொருளை ஆராய்ந்து துணிதலே தமிழ்ச் சைவ நூல்களின் முதன்மை நோக்கமாயிருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஆகம விதிகளையும் வடமொழி நூற்பொருளையும் தமிழில் தொகுத்தலும், மடங்களின் ஒழுகலாற்றை வரையறுத்தலும், தலங்கட்குப் புராணம் பாடுதலும் மேலோங்கின. இம் மாற்றத்தின் தலைசிறந்த சான்று சிதம்பரம் மறைஞான சம்பந்தர். அவர் நூல்களை இருநூறு ஆண்டுக்கு மேல் முன்னே தள்ளின், அம் மாற்றமே நம் கண்ணுக்கு மறைந்துவிடும்.

எனவே இம் மயக்கத்தால் இழப்பு இருவர்க்கும் உண்டு. முன்னவர் தம் மௌனத்தை இழக்கின்றார். பின்னவர் தம் உழைப்பை இழக்கின்றார். இலக்கிய வரலாறு இருவரையும் இழக்கின்றது.

தருமைக் குருஞான சம்பந்தர்

நான்காமவர் திருவில்லிபுத்தூரில் தோன்றித் திருவாரூர்க் கமலை ஞானப்பிரகாசர்பால் உபதேசம் பெற்று, மயிலாடுதுறையை அடுத்த தருமபுரத்தில் ஆதீனம் நிறுவியவர். இவரும் பதினாறாம் நூற்றாண்டினரே. சிவபோக சாரம், சொக்கநாத வெண்பா, முத்தி நிச்சயம் முதலியன இவர் நூல்கள். ஆகவே ஒரே நூற்றாண்டில், தில்லையிலும் தருமையிலும், சம்பந்தர் இருவர் சித்தாந்த நூல் செய்தனர். ஈண்டுக் காலம் கொண்டு பிரித்தல் இயலாது. இடமும் ஆசிரியர் மரபும் கொண்டே பிரித்தல் வேண்டும். கடந்தையாரையும் சிதம்பரத்தாரையும் பிரித்தற்கோ இடம் போதாது, காலமே வேண்டும். ஒருவழி உதவும் சான்று பிறிதொருவழி உதவாமை இதனாற் பெறப்படும்.

தருமை ஆதீனத்தே இப் பெயர் பட்ட வழக்காயிற்று. அப் பீடத்தில் அமர்ந்த குருமகாசந்நிதானங்கள் தத்தம் பெயரோடு தேசிக ஞானசம்பந்த பரமாசாரிய சுவாமிகள் என்னும் தொடரையும் தாங்கி வருகின்றனர். மதுரை ஆதீனத்திலும் ஞானசம்பந்தர் பெயர் இவ்வாறே தொடர்கின்றது. அம் மரபினர் தம் திருமடத்தைக் காழிப் பிள்ளையாரோடு தொடர்புபடுத்துவர். ஓலையிலோ அச்சிலோ ஞானசம்பந்த தேசிகர் என்ற அளவில் ஒரு பெயர் காணப்படின், அது எம் மடத்தார், எத்தனையாம் பட்டத்தார் என வினவாது மேற்செல்லுதல் கூடாது.

இப் பெயரின் வழி மற்றொரு வகைப் பெயரும் தோன்றிற்று. கந்தபுராணச் சுருக்கம் பாடிய சம்பந்த சரணாலயர் பெயர், சம்பந்தர் திருவடியைப் புகலிடமாகக் கொண்டவர் எனப் பொருள்படும். பெயரையே ஏற்றல் ஒரு வகை அன்பு. பெயர்க்கு அடியராதல் மற்றொரு வகை அன்பு. பின்னைய வகையில் மயக்கம் இல்லை.

அண்மைக் காலத்தில் இப் பெயர் சமய எல்லையையும் கடந்தது. பம்மல் சம்பந்த முதலியார் (1873-1964) நாடகத் துறையிற் புகழ் பெற்றார். அ. ச. ஞானசம்பந்தன் (1916-2002) திறனாய்வுத் துறையிற் புகழ் பெற்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர் அவர். பம்மல் என்னும் ஊர்ப் பெயரும் அ. ச. என்னும் தலைப்பெழுத்தும் இன்று ஆற்றும் தொண்டு, முற்காலத்துக் கடந்தை, காழி என்பன ஆற்றிய தொண்டேயாகும்.

அடைமொழியும் மயக்குதல்

ஊர்ப் பெயரை அடையாகச் சேர்த்துவிடின் மயக்கம் முற்றும் தீரும் எனக் கருதலாமோ எனின், அன்று. அதற்குச் சான்று தில்லையிலேயே உண்டு. சிதம்பரத்து ஞானப்பிரகாசர் திருக்குளத்தை அமைத்தவர் திருநெல்வேலி ஞானப்பிரகாசர். திருநெல்வேலி எனக் கேட்டவுடன் நம் உள்ளம் பொருநையாற்றங்கரைக்குச் செல்லும். ஆயின் இத் திருநெல்வேலி யாழ்ப்பாணத்து ஊர். போர்த்துக்கேயர் ஆட்சிக்காலத்தே, பதினேழாம் நூற்றாண்டில், பசுவைக் கொலைக்கு அளிக்க இசையாது யாழ்ப்பாணம் நீங்கியவர் என இவரைப் பற்றி மரபு கூறும். சிவஞான சித்தியார்க்கு உரை கண்ட அறுவருள் இவரும் ஒருவர். இவர் உரையைச் சிவஞான முனிவர் மறுத்தெழுதினார்.

தருமைக் குருஞான சம்பந்தரின் ஆசிரியரும் ஞானப்பிரகாசரே என முன்னர்க் கண்டோம். அவர் திருவாரூரினர், காலத்தால் முற்பட்டவர். இனி, யாழ்ப்பாணத்து நல்லூரில் பணிபுரிந்த சுவாமி ஞானப்பிரகாசர் (1875-1947) கத்தோலிக்கத் துறவி. சொற்பிறப்பு ஆராய்ச்சியாலும் ஈழ வரலாற்று ஆராய்ச்சியாலும் அறியப்பட்டவர். யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாசர் என்று மட்டும் எழுதின், பதினேழாம் நூற்றாண்டுச் சைவ உரையாசிரியரும் இருபதாம் நூற்றாண்டுக் கிறித்தவ ஆராய்ச்சியாளரும் ஒருவராகிவிடுவர். ஊர்ப் பெயரொடு காலமும் சேர்த்துரைத்தலின் இன்றியமையாமை இதனால் தெளிவாகும்.

வேந்தரும் வேற்று நாட்டாரும்

இவ் விடர்ப்பாடு புலவர்க்கும் துறவியர்க்கும் மட்டும் உரியதன்று. சோழ வேந்தர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிப் பூண்டனர். பரகேசரி எனத் தொடங்கும் ஒரு பழைய கல்வெட்டு எவ் வேந்தனுடையது எனத் துணிதற்கு எழுத்தமைதியும் குறிப்பிடப்படும் அதிகாரிகளின் பெயரும் வேண்டப்படுகின்றன. முதலாம் இராசராசன் காலந்தொட்டு மெய்க்கீர்த்தி கல்வெட்டுகளில் நிலைபெற்ற பின்னரே, அதன் தொடக்கம் கொண்டு வேந்தனைத் துணிதல் எளிதாயிற்று. முதலாம், இரண்டாம் என நாம் இன்று கூறும் எண்கள் வரலாற்றாசிரியர் இட்டவை.

மேலைநாட்டில் நிகழ்ந்த ஒன்று நம் பொருளோடு பெரிதும் ஒத்துள்ளது. தியோனீசியர் என்னும் பெயருடையார் மூவர். ஒருவர் முதல் நூற்றாண்டில் ஏதென்சு நகரில் பவுலால் மனந்திரும்பியவர். மற்றொருவர் பாரிசு நகரில் உயிர்துறந்த ஆயர். மூன்றாமவர் ஏறத்தாழக் கி. பி. 500இல் அம் முதலாமவர் பெயரைப் பூண்டு கிரேக்க மொழியில் மெய்ப்பொருள் நூல்கள் எழுதியவர். ஒன்பதாம் நூற்றாண்டில் இல்துயின் என்னும் மடத்தலைவர் மூவரையும் ஒருவராக்கி வரலாறு எழுதினார். அதனால் ஆறாம் நூற்றாண்டையொட்டிய கருத்துகள் திருத்தூதர் காலத்தன எனப் பல நூற்றாண்டுகள் மதிக்கப்பட்டன. பதினைந்தாம் நூற்றாண்டில் லொரன்சோ வல்லா அந் நூல்களின் தொன்மையை ஐயுற்ற பின்னரே மயக்கம் நெகிழத் தொடங்கிற்று. பெயரொற்றுமை ஒரு சமயத்தின் கருத்து வரலாற்றையே மாற்றவல்லது என்பதற்கு இது தக்க சான்று.

வேறுபடுத்தும் நெறிகள்

மேற்கூறியவற்றால் ஐந்து நெறிகள் பெறப்படுகின்றன.

ஒன்று: ஆசிரியர் நூலினுள் தாமே இடும் பெயரும் ஊரும் முதற்சான்று. திருக்கடைக்காப்பு இதற்கு எடுத்துக்காட்டு.

இரண்டு: மாணாக்கர் கூற்று. தம் ஆசிரியரைப் பற்றி உமாபதியார் கூறியது போன்ற கூற்று, ஆசிரியர் நூல் இல்லாதவிடத்தும் அவரை நிலைநிறுத்தும்.

மூன்று: காலக் குறிப்பு. சக ஆண்டு வெளிப்படையாக நிற்கும் நூல் ஒன்று கிடைப்பின், அதனை அச்சாணியாகக் கொண்டு முன்னும் பின்னும் அளத்தல் கூடும்.

நான்கு: இடம். இடப் பெயர் இரண்டு நாட்டிலும் வழங்கக்கூடும் ஆதலின், காலத்தொடு கூட்டியே அதனைக் கொள்ளல் வேண்டும்.

ஐந்து: நூலின் பொருளும் நடையும். ஏனைய நான்கும் கிடையாவிடத்து இது துணையாகும். தனித்து நின்று முடிவு கூறுதற்குப் போதாது. ஒருவரே இருவேறு நடையில் எழுதலும், இருவர் ஒரு நடையில் எழுதலும் உலகியல்பு.

சம்பந்தர் நால்வரையும் இந் நெறிகளாற் பிரிக்குமிடத்து, காழியார் முதல் நெறியாலும், கடந்தையார் இரண்டாம் மூன்றாம் நெறிகளாலும், சிதம்பரத்தார் மூன்றாம் ஐந்தாம் நெறிகளாலும், தருமையார் நான்காம் நெறியாலும் தெளிவுறுகின்றனர். நால்வர்க்கும் ஒப்ப உதவும் தனிச்சான்று ஒன்றும் இல்லை. பெயரோ, நால்வருள் ஒருவர்க்கும் சான்றாகவில்லை.

முடிவுரை

முன்னாளிற் பெயர் மயக்கம் ஏட்டுச் சுவடியளவில் நின்றது. சுவடியைப் படிப்பார் சிலரே. அவருள் மரபறிந்தார் பலர். இந் நாளில் நூற்பட்டியல்களும் கணினித் தேடலும் ஒரு பெயர்க்கீழ் அனைத்தையும் திரட்டி ஒரு நொடியில் முன்வைக்கின்றன. மறைஞான சம்பந்தர் எனத் தேடும் மாணவர்க்கு, அறநூலும் புராணமும் சந்தான வரலாறும் ஒருவர்க்கே உரியன போலக் கலந்து தோன்றக் கூடும். ஆய்வேட்டில் ஒருவர் எழுதிய பிழையைப் பின்வருவார் சான்றாகக் காட்டுவர். ஆதலின் நூற்பெயர்ப் பட்டியலில் ஆசிரியர் பெயரோடு ஊரையும் நூற்றாண்டையும் சேர்த்தெழுதுதலை முதுகலை மாணவர்கள் தொடக்கத்திலேயே பழகிக் கொள்ளுதல் நலம். கடந்தை மறைஞான சம்பந்தர் (13-14ஆம் நூ.), சிதம்பரம் மறைஞான சம்பந்தர் (16ஆம் நூ.) என எழுதுதற்குச் செலவாவது அரை வரியே. அவ் வரை வரியைச் சுருக்கினால் இழப்பது இருநூறு ஆண்டு வரலாறு.

பின்வந்தோர் முன்னோர் பெயரை ஏற்றது, தம்மை அவரோடு ஒன்றாக எண்ணுதற்கன்று. அவர்க்குத் தாம் பட்ட கடனை உலகறியச் செய்தற்கே. மறைஞான எனவும் குருஞான எனவும் அவர்தம் பெயர்முன் நிற்கும் மொழிகள் அவ் வேறுபாட்டை உணர்த்துகின்றன. அவர்கள் பணிவோடு காத்த அவ் வேறுபாட்டை ஆராய்ச்சியாளராகிய நாம் அழித்தல் தகாது. பெயரால் ஒன்றுபட்டோரைப் பணியால் வேறுபடுத்திக் காண்டலே அவர் ஒவ்வொருவர்க்கும் நாம் செய்யும் உண்மை வழிபாடாகும்.